நான்கு முறை படித்தும் தேர்வில் வரமாட்டேன் என்கிறது: புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதால் பலன் உண்டா?

பொன்னி_தஞ்சை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பகலில் துணிக்கடையில் வேலை, காலை பத்து மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும், அதனால் விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு வரைதான் எனக்குக் கிடைக்கிற நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு நிமிடம் வீணானாலும் மனசு அடித்துக்கொள்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை முழுதாக நான்கு முறை முடித்துவிட்டேன். முதல் முறை மஞ்சள் ஹைலைட்டர், இரண்டாம் முறை பச்சை. இப்போது புத்தகத்தைத் திறந்தால் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்பது வரை தெரிகிறது. நிலையான நிலவரித் திட்டம், காரன்வாலிஸ், 1793 என்று கண் போவதற்கு முன்பே மனம் சொல்லிவிடுகிறது. ஆனால் மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் மற்ற இரண்டு நிலவரி முறைகளான ரயத்துவாரி எங்கே, மகல்வாரி எங்கே என்று எல்லாம் குழம்பி, நான்கு விடைகளில் இரண்டு சரி போலவே தெரிகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை 200 கேள்விகளுக்கு 118தான் சரி.

கடையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், "பாடத்தை ஒரு தடவை படி, அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஞாபகம் இருப்பதையெல்லாம் வெறும் நோட்டில் எழுது" என்றார். செய்து பார்த்தேன். எட்டுப் பக்கப் பாடம், இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்து ஏழே ஏழு குறிப்புதான் எழுத முடிந்தது. நான்கு முறை படித்த பாடம் இது. அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பாடம் வாசித்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. இப்படிச் சிரமப்பட்டுப் படிப்பதில் நிஜமாகவே பலன் இருக்கிறதா, இல்லை எனக்கு இருக்கும் கொஞ்ச நேரமும் போகிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிலவன்88

தோழி, அந்த அக்கா சொன்னதை விட்டுவிடாதீர்கள். நான் உளவியல் முதுகலை படித்தவன், நினைவாற்றல் பற்றித்தான் என் ஆய்வேடு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியை அப்படியே பரிசோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. கடல் நீர்நாய், சூரியன் மாதிரியான விஷயங்களைப் பற்றிச் சிறு பத்திகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசிப்புதான், அந்த நேரத்துக்குள் சராசரியாகப் பதினான்கு முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, அதில் அவர்களால் மூன்று நான்கு முறைதான் வாசிக்க முடிந்தது. மீதி மூன்று சுற்றும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள், நீங்கள் செய்த அதே வேலை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்த குழுதான் முன்னால், 83 சதவீதம். எழுதிப் பார்த்தவர்கள் 71. அங்கேயே நிறுத்தியிருந்தால் வாசிப்பதே மேல் என்று முடிவாகியிருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து வரச்சொன்னபோது வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். இதில் என்னை உலுக்கியது வேறொன்று: படித்து முடித்த கையோடு 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்' என்று கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் அந்த வாசித்த குழுவினர்தான்.

உங்களுக்கு நடப்பதும் இதுதான். புத்தகம் திறந்திருக்கும்போது மனம் முந்திக்கொண்டு சொல்வதற்குக் காரணம் அந்தப் பக்கம், அந்த மஞ்சள் நிறம், மேலே இருக்கும் தலைப்பு எல்லாம் சேர்ந்து எடுத்துக் கொடுப்பது. தேர்வு அறையில் அவை எதுவும் கிடையாது. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு திறன், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தேடி எடுப்பது வேறொரு திறன். நான்கு முறையும் நீங்கள் முதலாவதைத்தான் பழகியிருக்கிறீர்கள்.

கலிபோர்னியாவில் ராபர்ட் பியார்க் என்ற பேராசிரியர் 1994இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார், தமிழில் 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்று சொல்லலாம். அவரும் அவர் மனைவி எலிசபெத்தும் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு விஷயம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று, இந்த நிமிடம் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பது இன்னொன்று. கைக்கு எளிதாக வரும்போதே திரும்பத் திரும்பப் பார்த்தால் ஆழம் அதிகம் கூடுவதில்லை. கொஞ்சம் மறந்து, தேடி, திணறி, எடுத்துவிட்டோம் என்றால் அப்போதுதான் நன்றாகக் கூடுகிறது. எனவே அந்த ஏழு குறிப்பு உங்களுக்குக் கிடைத்த லாபம். எழுத முடியாமல் போனவற்றை அப்போதே புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா? அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கரும்பலகை

நான் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுப்பவன். நிலவன் தம்பி சொன்னது சரி, அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பொன்னி அம்மாவின் குழப்பம் மறதி மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. ரயத்துவாரியும் தெரியும், மகல்வாரியும் தெரியும், எது எது என்பதுதான் பிடிபடவில்லை. இது ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வரிசையாக மட்டுமே படிப்பதால் வருவது.

என் வகுப்பில் வருடா வருடம் பார்ப்பேன். உருளையின் கன அளவு நடத்தி, அதே பயிற்சியில் பத்துக் கணக்கும் உருளையாகவே கொடுத்தால் பையன்கள் படபடவென்று போட்டுவிடுவார்கள். மறுநாள் கூம்பு, அதுவும் பிரமாதம். பரீட்சையில் உருளை, கூம்பு, கோளம் மூன்றும் கலந்து வந்தவுடன் கைகள் நின்றுவிடும். சூத்திரம் தெரியாததால் இல்லை, எந்தச் சூத்திரம் என்று முடிவெடுக்க அவர்கள் ஒருநாளும் பழகவில்லை. பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

ரோரர், டெய்லர் என்று இருவர் 2007இல் இதையே கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்தார்கள். கேள்விப்படாத நான்கு வடிவங்களின் கன அளவு. ஒரு குழுவுக்கு வடிவம் வாரியாகப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குக் கலந்து கட்டிய பயிற்சி. பயிற்சி நடக்கும்போது வடிவம் வாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20, கலந்து போட்ட குழு 63. இதைப் படித்த பிறகு வகுப்பில் வீட்டுக்கணக்கு கொடுக்கும் முறையையே மாற்றிவிட்டேன். இன்று நடத்தியதில் நான்கு, போன வாரத்தில் மூன்று, போன மாதத்தில் மூன்று. முதல் இரண்டு மாதம் பெற்றோர் வந்து "பிள்ளை முன்பு நன்றாகப் போட்டான், இப்போது தப்புத் தப்பாகப் போடுகிறான்" என்று குறைப்பட்டார்கள். காலாண்டுத் தேர்வு வரை பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார்கள், அவர்களுக்கு நன்றி.

நம் ஊரில் புதிதும் இல்லை. என் தாத்தா காலத்தில் வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பித்தால் விடமாட்டார்களாம், "ஏழெட்டு?" "ஒன்பதாறு?" என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டுத்தான் விடுவார்கள் என்று சொல்வார். வரிசையாகச் சொல்பவன் முந்தைய அடியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறான், அவனுக்கு ஏழெட்டு தெரியும் என்று சொல்ல முடியாது.

உங்களுக்குப் பொதுத்தமிழில் 100 கேள்வி இருக்கிறதே, அங்கே இதைச் செய்து பாருங்கள். எட்டுத்தொகை நூல்களைத் தனித்தனிக் கட்டமாகப் படிக்காமல் கேள்வியைக் குறுக்கே வையுங்கள். பூரிக்கோ தொகுத்தது எது, உருத்திரசன்மர் தொகுத்தது எது, கூடலூர் கிழார் தொகுத்தது எது. அப்புறம் நான்கு முதல் எட்டு அடி எது, ஒன்பது முதல் பன்னிரண்டு எது, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று எது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அடியளவைக் கேட்டுக்கொள்ளும்போதுதான் குறுகியது, நடுத்தரமானது, நெடியது என்ற வித்தியாசமே கண்ணில் படும், அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று ஏன் பெயர் வந்தது என்பதும் தானாகப் புரியும். தனித்தனியாகப் படிக்கும்போது அவை வெறும் எண்கள்.

வடக்குத்தெரு

தங்கச்சி, நானும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள், இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். ஆராய்ச்சியெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, நேரம் இல்லாததால் நானே கண்டுபிடித்துக்கொண்டதுதான். உன் இடத்தில் இருந்து எழுதுகிறேன், இரண்டரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் உனக்கு வேண்டியது.

எழுந்தவுடன் முதல் இருபது நிமிடம் புத்தகத்தைத் தொடவே மாட்டேன். நேற்று படித்ததை ஒரு பக்கத்தில் எழுதுவேன், தந்தி மாதிரி வார்த்தை வார்த்தையாகத்தான், வாக்கியமெல்லாம் எதற்கு. தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் வராது, முதல் ஐந்து நிமிடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒன்று வரும், அது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். பிறகு சிவப்புப் பேனாவால் விட்டதை மட்டும் புத்தகம் பார்த்து எழுதுவேன். அந்தச் சிவப்பு எழுத்துதான் அன்றைய பாடம். நீ இப்போது முழுப் பாடத்தையும் திரும்ப வாசிக்கிறாய் இல்லையா, அதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரிந்தது, தெரிந்ததை வாசிக்கும்போது சுகமாக இருக்கும், அதில்தான் நேரம் போகிறது.

அப்புறம் சீட்டு. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் கேள்வி, ஓரத்தில் மடித்து விடை. மிட்டாய் டப்பா மூன்று வைத்திருந்தேன். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பினால் மறுபடி முதல் டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது மாதம் இருமுறை. இதையே ஜெர்மனியில் லைட்னர் என்பவர் 1972லேயே புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. போனில் ஆங்கி என்ற செயலியும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் போனை எடுத்தால் வேறெங்கோ போய்விடுவேன் என்பதால் எனக்குச் சீட்டுதான். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பையில் பத்துச் சீட்டு இருந்தால் போதும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கவனி. விடை தெரியவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்காதே, பத்து எண்ணும் வரையாவது தேடு. தப்பாகவாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் பார். ஆனால் பார்க்காமல் மட்டும் விட்டுவிடாதே, நான் ஆரம்பத்தில் விடைத்தாள் பார்க்காமல் மாதிரித் தேர்வாக எழுதிக் குவித்தேன், அதில் ஒரு தப்பான விடை மனத்தில் ஒட்டிக்கொண்டு நிஜத் தேர்வில் அதையே குறித்துவிட்டு வந்தேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்கு 1932 என்று. 1930 என்பது இப்போது சாகும் வரை மறக்காது.

மலர்_அம்மா

எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சிரமம் எல்லாமே நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மகனுக்கு வாசிப்பதில் சிக்கல் உண்டு, டிஸ்லெக்சியா. ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர், "கஷ்டப்பட்டால்தான் மண்டையில் ஏறும்" என்று சொல்லி எதையும் விளக்காமல் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவனுக்கு ஏறவில்லை, பள்ளிக்கூடத்தின் மேல் பயம்தான் ஏறியது. அதிலிருந்து அவனை மீட்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் இந்தப் பேச்சு வரும்போது என்னால் சும்மா இருக்க முடியாது.

தேடினால் கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. உள்ளே போகவே இல்லாத ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லர் என்ற ஆய்வாளர் 1985இல் கூப்பருடன் சேர்ந்து அல்ஜீப்ராவில் காட்டியது இதுதான், புதிதாகக் கற்பவர்களை நேரே கணக்கில் இறக்கிவிடுவதைவிட, போட்டுக் காட்டிய கணக்குகளை நிதானமாகப் பார்க்க வைத்தால் நன்றாகக் கற்கிறார்கள். பிறகு, கொஞ்சம் பிடிபட்ட பிறகு, சிரமத்தைக் கூட்டலாம்.

இன்னொரு உதாரணமும் உண்டு. மெல்போர்னில் இருக்கும் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2018இல் 'சான்ஸ் ஃபர்கெட்டிகா' என்று ஓர் எழுத்துருவையே உருவாக்கினார்கள். எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்து, நடுநடுவே வெட்டுப்பட்டு இருக்கும். வாசிக்கச் சிரமமாக இருந்தால் நினைவில் நிற்கும் என்பது எண்ணம். பின்னால் வேறு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில் நினைவாற்றலுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. கண்ணுக்குச் சிரமம் கொடுத்தார்கள், பாடத்தைப் பற்றி யோசிக்க வைக்கவில்லை. என் மகன் மாதிரிக் குழந்தைக்கு அது கொடுமை வேறு.

பொன்னி, நீங்கள் ஏழு குறிப்பு எழுதிவிட்டு அழுதேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. எட்டுப் பக்கம் ஒரே மூச்சில் வேண்டாமே. இரண்டு பக்கம் படித்து மூடுங்கள். பாதிக்கு மேல் எழுத வருகிற அளவில் வைத்துக்கொண்டு, அது எளிதாகும்போது நான்கு பக்கமாக்குங்கள்.

பொன்னி_தஞ்சை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மலர் அம்மா, நேற்று இரண்டு பக்கம் மட்டும் எடுத்தேன், வேலூர்ப் புரட்சி. பதினான்கு குறிப்பில் ஒன்பது வந்துவிட்டது. நிலவன் அண்ணா, அன்றைக்கு நான் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே இல்லை, கோபத்தில் மூடி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். கொஞ்சம் மறந்த பிறகு பார்த்தால்தான் நல்லது என்கிறீர்கள். எத்தனை நாள்? தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரொம்ப விட்டால் மொத்தமாகப் போய்விடாதா?

நிலவன்88

நல்ல கேள்வி. 2008இல் செபீடா என்பவரும் அவர் குழுவினரும் 1,300 பேருக்கு மேல் வைத்து இதை அளந்தார்கள், பொது அறிவுத் தகவல்களை வைத்தே. அதில் தெரிந்தது, சரியான இடைவெளி என்று எல்லோருக்கும் ஒன்று கிடையாது, தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் விட்டுத் திரும்பப் பார்ப்பது நல்லது. ஐந்து வாரம் என்றால் பதினோரு நாள். 70 நாள் என்றாலும் ஒரு வருடம் என்றாலும் மூன்று வாரம் அளவுக்கு விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் ஒரே ஒரு முறைதான் திரும்பப் பார்த்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள், உங்களுக்குப் பலமுறை வாய்ப்பு இருக்கிறது. எனவே வடக்குத்தெரு அக்காவின் டப்பாக் கணக்கு உங்கள் நான்கு மாதத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. இடைவெளி அதிகமாகி மொத்தமாக மறந்துபோனால் பதற வேண்டாம், மறுபடி படிக்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதித்துப் பார்த்து எழுதி வைத்தது அது.

கரும்பலகை

வேலூர்ப் புரட்சியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. 1806 ஜூலை 10 என்று எழுதியதோடு நிற்காமல், சிப்பாய்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்று உங்களுக்கு நீங்களே கேட்டு விடை எழுதுங்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை எடு, புதிய தலைப்பாகையைக் கட்டு என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம் என்று நீங்களே கோத்து எழுதிவிட்டால் தேதியும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பொன்னி_தஞ்சை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் பத்து நாள் மனசு சரியில்லை, ஒரு வாரத்தில் ஒரு பாடம்கூட முழுதாக முடியவில்லை, கூடப் படிக்கிறவர்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு முறை பழையபடி வாசிக்கவே ஆரம்பித்தும் விட்டேன். ஆனால் கடையில் மதியம் சீட்டு எடுக்கும்போது அந்த அக்காவும் சேர்ந்துகொண்டார், சேலை மடித்துக்கொண்டே அவர் கேட்பார், நான் சொல்வேன், வரிசையாகக் கேட்க மாட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் 131. நிலவரிக் கேள்வி ஒன்று மறுபடி வந்தது. ரயத்துவாரி என்றதும் மன்றோ, சென்னை மாகாணம், விவசாயியிடமே நேரடியாக வரி என்று மூன்றும் ஒன்றாக வந்தன, மற்ற மூன்று விடைகளைப் படிக்கவே தேவைப்படவில்லை. கணக்குப் பகுதியில் இன்னும் 25க்கு 11தான். கரும்பலகை சார், தனிவட்டியும் கூட்டுவட்டியும் எனக்கு இன்னும் அடிப்படையே சரியாகப் புரியவில்லை, மலர் அம்மா சொன்ன மாதிரி முதலில் போட்டுக் காட்டிய கணக்கில் எத்தனை பார்த்துவிட்டுக் கலந்து போட ஆரம்பிக்கலாம்?

கரும்பலகை

ஒவ்வொன்றிலும் நான்கு கணக்கு போதும். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்தாவது கணக்கில் கடைசி இரண்டு வரியை மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள், ஆறாவதில் பாதியை மறையுங்கள். அதற்குப் பிறகு கலந்துவிடலாம். இன்று இரவு எட்டுக் கணக்கு எழுதி இங்கேயே போடுகிறேன், விடையைத் தனிப் பதிவாகப் போடுவேன், காலையில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் திறங்கள்.